‘வீட்டில் விழுந்துட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

அடிபட்டு வருகிறவரிடம் அவசரப் பிரிவு மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: “எங்கே, எப்படி அடிபட்டது?” அடிபட்டவர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மேஸ்திரி முந்திக்கொள்வார். “வீட்டுல மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாரு சார்.” போலீஸ், கேஸ் என்று எதற்கு அலைச்சல் என்று அடிபட்டவரும் தலையாட்டிவிடுவார். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடும். கையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ திணித்து, “மீதியை நாங்க பார்த்துக்கிறோம்” என்பார்கள். பல லட்ச ரூபாய்க்கான உரிமை நழுவத் தொடங்குவது அந்த ஒரு வரியில்தான்.

ராயபுரத்தில் கன்டெய்னர்களுக்கு இடையில் கால் நசுங்கியவருக்கும், எண்ணூரில் சாரத்திலிருந்து விழுந்தவருக்கும், கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் குதிரை உதைத்து விலா எலும்பு முறிந்தவருக்கும் இது பொது. ரேஸ் குதிரைக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கான்ட்ராக்ட்டில், தினக்கூலியில், மூன்று நான்கு பேர் கைமாறிச் சம்பளம் வாங்குகிற தொழிலாளிக்கு உதவும் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ரேஸ் கிளப் வழக்குகளில் வந்தவை.

முதலில் லாயத்தைப் பார்த்துவிடுவோம். குதிரையைப் பராமரிக்கிறவரை சைஸ் என்பார்கள். விடியும் முன்பே எழுந்து சாணம் வார வேண்டும், தீனி வைக்க வேண்டும், உடம்பு தேய்க்க வேண்டும், ஓட்டம் முடிந்து வேர்த்து வரும் குதிரையை நடக்கவைத்து ஆற்ற வேண்டும். ஒரு பந்தயக் குதிரையின் எடை அரை டன் அளவுக்கு வரும். மிரண்டால் உதைக்கும், கடிக்கும். பார்வைக்குத் தெரிகிற அபாயம் இது. தெரியாதவை வேறு. காய்ந்த புல்லின் தூசும் பூஞ்சையும் வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போய் இளைப்பைக் கொண்டுவரும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். தானிய மூட்டையைத் தேடி எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும் என்பதால் சின்னக் கீறலுக்கும் டி.டி. ஊசி போட்டுக்கொள்வது அவசியம்.

அந்த சைஸுக்கு முதலாளி யார்? குதிரை ஒருவருடையது. அதைப் பழக்கும் டிரெய்னர் இன்னொருவர்; பெரும்பாலும் சம்பளம் அவர் கையிலிருந்துதான் வரும். லாயமும் ஓடுதளமும் கிளப்புடையவை. நிலம் அரசுடையது. அடிபட்டால் நால்வரில் யாரும் மற்ற மூவரைக் கைகாட்டலாம். 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து, பந்தயம் சூதாட்டமா, திறமையா என்று எழுந்த வழக்கு, திறமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொல்லும்வரை நடந்தது. குதிரையைக் குளிப்பாட்டுகிறவர் யாருடைய ஆள் என்பது அந்த வழக்கில் கேள்வியாகவே இல்லை. பிறகு 2024 செப்டம்பரில், 1945-ல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த கிண்டியின் சுமார் 160 ஏக்கரை அரசு திரும்ப எடுத்து, வாயிலுக்கு சீல் வைத்தது. கிளப் நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்துக்குப் பத்திரம் இருந்தது, வாடகைப் பாக்கிக்குக் கணக்கு இருந்தது. லாயத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவரிடம் அதைக் காட்ட ஒரு சீட்டு இருந்தால் அவர் பிழைத்தார்.

இனி தீர்ப்புகள். ‘எங்களுடையது தொழிற்சாலை இல்லை, கடையும் இல்லை, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமான இ.எஸ்.ஐ. சட்டம் எங்களுக்குப் பொருந்தாது’ என்று பெங்களூர் டர்ஃப் கிளப் வாதாடியது. கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குச் சேவை தரும் இடம் இந்தச் சட்டத்தின் பார்வையில் கடைதான் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பந்தய நாட்களில் மட்டும் வந்துபோகிற தற்காலிக ஆட்களுக்கு எதற்கு இ.எஸ்.ஐ. என்று மும்பையின் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் கேட்டது. தற்காலிகத் தொழிலாளியும் தொழிலாளிதான், அவருக்கும் பங்களிப்பு கட்ட வேண்டும் என்று 2016-ல் பதில் வந்தது.

இந்த இரண்டாவது பதிலை ஹார்பர் கேட்டில் நிற்கும் ஒவ்வொரு லோடுமேனும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘நீ டெய்லி லேபர், உனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது’ என்று சூப்பர்வைசர் சொன்னால் அது சட்டம் இல்லை, சூப்பர்வைசரின் சௌகரியம். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்றாலும் பங்களிப்பை முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு வேலை நடக்கும் இடத்தின் முதன்மை நிறுவனத்துக்கே. கான்ட்ராக்டரிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்து பழைய சட்டங்களை அவற்றுக்குள் சேர்த்துவிட்டது. இந்தப் பொறுப்பு அவற்றிலும் மாறவில்லை.

‘முதலாளி யார்’ என்ற சிக்கலுக்கு ராயபுரம் ஒரு காலத்தில் அழகான விடை வைத்திருந்தது. கப்பலுக்குக் கப்பல், நாளுக்கு நாள், சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பை எடுக்கும் ஸ்டீவடோர் மாறுவார். தொழிலாளி மட்டும் அதே ஆள். 1948-ல் வந்த துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்படி டாக் லேபர் போர்டு அமைந்தது. தொழிலாளியின் பெயர் போர்டில் பதிவாகும்; எந்த ஸ்டீவடோருக்கு கேங் போனாலும் அவருடைய சலுகைகளுக்கு போர்டு பொறுப்பு. முதலாளி மாறிக்கொண்டே இருக்க, பாதுகாப்பு ஓரிடத்தில் நின்றது. கன்டெய்னர் வந்தது, ஆள் தேவை குறைந்தது, போர்டும் துறைமுகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. வேலை சுவருக்கு வெளியே யார்டுகளுக்கும் கிடங்குகளுக்கும் நகர்ந்தபோது அந்த ஏற்பாடு கூட வரவில்லை. வடசென்னை தொலைத்தவற்றில் இதைத்தான் பெரிய இழப்பு என்பேன்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பிழைப்புக்கு அசாமிலிருந்து வந்தவர்கள். அரசுகள் நிவாரணம் அறிவித்தன. ஒரே நேரத்தில் ஒன்பது பேர் இறந்தால் நாடு திரும்பிப் பார்க்கும், தொகை அறிவிக்கப்படும். ஒருவர் மட்டும், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், திருவொற்றியூரில் ஏதோ ஒரு பட்டறையில் விரல் இழந்தால் அறிவிப்பு வராது. சட்டப்படி கேட்டு வாங்க வேண்டியதுதான்.

என்ன கேட்கலாம்? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. 20,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 150 ரூபாய். நிறுவனம் போடுவது 650. வேலையில் அடிபட்டு வீட்டில் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு. சாதாரண நோய்க்கு, போதிய நாட்கள் பங்களிப்பு இருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு. காசநோய் போன்ற நீண்டகால நோய் என்றால் இன்னும் கூடுதல் காலம் நீளும். இறந்துபோனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பணம் வரும். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ வழியில் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், வேலை விபத்தாகவே கணக்காகும். மணலி சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே சைக்கிள் மிதிக்கிறவர்கள் இந்த ஒரு விதியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் பிடித்துவிட்டு இ.எஸ்.ஐ.க்குக் கட்டாமல் விடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அவர்கள் கட்டவில்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிறுவனத்திடம் வசூலிக்கலாம். பத்து இலக்கக் காப்பீட்டு எண் உங்களுக்கு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 1923-ல் வந்த சட்டம். புதிய தொகுப்பிலும் கணக்கு முறை ஏறக்குறைய அதேதான். மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020-ல் அரசு வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். 40 வயதுக்கு அந்த எண் 184.17. ஆக, அந்த வயதில் வேலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 7,500-ஐ 184.17-ஆல் பெருக்கி, 13,81,275 ரூபாய். மேஸ்திரி திணித்த பத்தாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தால் 12 விழுக்காடு வட்டி. காரணமில்லாமல் இழுத்தால் அபராதமும் சேரும். இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துறை ஆணையரிடம் மனு போட வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ளவர் இதைத் தனியாகக் கேட்க முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

வக்கீலுக்குக் காசில்லையே என்ற கவலை வேண்டாம். 1987-ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இலவச வக்கீல் உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினரோடு தொழில்துறைத் தொழிலாளியும் இருக்கிறார். எண் 15100. தொழிற்சங்க வட்டாரத்துக்கு வெளியே இது தெரிந்தவர்கள் குறைவு.

வேலை இடம் மிகச் சின்னது, முதலாளியே இல்லை, சொந்தமாகத் தட்டுவண்டி இழுக்கிறேன் என்பவர்களுக்குத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் உண்டு. கட்டட வேலைக்குத் தனி வாரியம். 18 முதல் 60 வயதுக்குள் பதிந்துகொண்டால் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம். பதிந்தால் போதாது, புதுப்பிக்க வேண்டும். அட்டையை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்கள் ஏராளம்.

குதிரை லாயத்துக்கே திரும்பினால், பிரிட்டனில் பந்தயப் பரிசுப் பணத்தில் ஒரு சிறு பங்கு லாயத் தொழிலாளர்களுக்கும் பிரிக்கப்படுகிறது. இரண்டு ஜாக்கிகள் விபத்தில் முடமான பிறகு 1964-ல் அங்கே காயமடைந்த ஜாக்கிகளுக்கான நிதி தொடங்கியது; லாயத்து ஆட்களுக்காக ரேசிங் வெல்ஃபேர் என்ற அறநிறுவனமும் இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் நம் தொழிலாளிக்குச் சட்டத்திலேயே இருப்பது தர்மம் அல்ல, பாத்தியதை. அதைக் கேட்கத் தேவைப்படுவது காகிதம்.

அந்தக் காகிதத்தைச் சேர்ப்பதுதான் பாக்கி. கேட் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளம் ஜி-பேயில் வந்தால் அதுவே சாட்சி. ரொக்கமாக வந்தால் தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘நாளைக்கு ஆறு மணிக்கு யார்டுக்கு வா’ என்று மேஸ்திரி அனுப்பிய வாட்ஸாப் குரல் செய்தியையும் அழிக்காதீர்கள். யூனிஃபார்மும் ஹெல்மெட்டும் போட்டு வேலை இடத்தில் எடுத்த செல்ஃபியும் ஒரு நாள் உதவும்.

யாருக்காவது அடிபட்டால் மேஸ்திரியோடு இன்னொரு தொழிலாளியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடிபட்டவர் அசாமியோ பீகாரியோ என்றால் கட்டாயம் போக வேண்டும். மருத்துவரிடம் தமிழில் பேசப்போவது மேஸ்திரி மட்டும்தான். வேலை செய்த இடத்தின் பெயர், நேரம், எது மேலே விழுந்தது அல்லது எது உதைத்தது, இவ்வளவையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைத்து, வெளியே வரும் முன் அந்த விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பியைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே தவறாக எழுதிவிட்டார்களா? எல்லாம் போய்விடவில்லை. கூட இருந்தவர்களின் சாட்சியத்தோடு அந்த வாரமே தொழிலாளர் துறைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.