ஊதாவாக மின்னும் கண்ணாடி

புகைப்படக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எஃப் எண்ணில் தொடங்கி விலையில் வந்து நிற்கும். எஃப்/1.8 போதுமா, எஃப்/1.4 வேண்டுமா, ஓரங்களில் கூர்மை எப்படி, பின்னணி எவ்வளவு மங்குகிறது. உள்ளே எத்தனை கண்ணாடி என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணாடிகளின் மேல் படிந்திருக்கும் பூச்சைப் பற்றி மட்டும் பேச்சே எழாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான் அதற்கு. ஆனால் அது இல்லாவிட்டால் இன்று பைக்குள் இருக்கும் ஜூம் லென்ஸ்களில் ஒன்றுகூடத் தேறாது.

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் உள்ளே போகாமல் திரும்பிவிடும். மறுபக்கம் வெளியேறும்போதும் அதே 4 சதவீதம் கழியும். இரவில் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் தெரிவது இதனால்தான். ஒரே ஒரு கண்ணாடி என்றால் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அல்ல என்பதில்தான் வில்லங்கம்.

1896இல் ஜெர்மனியின் யெனா நகரில், சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பால் ருடால்ஃப் ‘பிளானார்’ என்ற லென்ஸை வடிவமைத்தார். ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதம் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது 72 சதவீத ஒளி. அந்த இழப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷட்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்துவைத்தால் தீர்ந்தது. திரும்பிய ஒளிதான் தொல்லை. அது வழியில் இன்னொரு பரப்பில் மோதி, மறுபடி திசை மாறி, சம்பந்தமில்லாத இடத்தில் ஃபிலிமில் போய் விழும். கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்துவிடும். சூரியனோ விளக்கோ சட்டகத்துக்குள் இருந்தால் வட்ட வட்டமாகப் பேய் உருவங்கள் வேறு. எட்டுப் பரப்புகளில் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் 28 ஜோடிகள். ஒளி இப்படி இரண்டு முறை துள்ளி வழிதவற அத்தனை வாய்ப்புகள்.

கணக்குப்படி பிளானார் அருமையான லென்ஸ். ஆனால் அந்தக் காலத்தில் அது எடுபடவில்லை. அதே ருடால்ஃப் 1902இல் கொண்டுவந்த ‘டெஸ்ஸார்’ நான்கே கண்ணாடி, ஆறே பரப்பு. கான்ட்ராஸ்ட் பளிச்சென்று வந்தது; பல பத்தாண்டுகள் விற்றது.

இதற்குப் பிறகு லென்ஸ் வடிவமைப்பு என்பது பரப்புகளை எண்ணிச் சிக்கனம் செய்யும் கலையாகிவிட்டது. அதன் உச்சம் லூட்விக் பெர்ட்டலே. 1932இல் கான்டாக்ஸ் கேமராவுக்காக வந்த அவருடைய ‘சொன்னார்’ 50 மி.மீ. எஃப்/1.5 லென்ஸில் ஏழு கண்ணாடிகள். ஆனால் காற்றைத் தொடுபவை ஆறு பரப்புகள் மட்டுமே. மும்மூன்று கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டித் தடித்த கட்டிகளாக்கிவிட்டார். பிசினின் ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடியின் எண்ணும் அருகருகே இருப்பதால், ஒட்டிய இடத்தில் ஒளிக்கு எல்லை தாண்டிய உணர்வே வராது. திரும்புவதும் மிகக் குறைவு. எஃப்/1.5 அளவு வெளிச்சத்தை உள்ளே விட்டும் படம் வெளிறாமல் வந்தது இந்தத் தந்திரத்தால்தான். அப்படி ஒட்டுவது செலவு பிடிக்கும், கைநுணுக்கம் கேட்கும் வேலை. இப்போது பார்த்தாலும் எனக்கு இது பூச்சு கண்டுபிடிக்கப்படாத உலகத்தின் மிக அழகான சமாளிப்பாகத் தோன்றுகிறது.

தீர்வு அதற்கு வெகுகாலம் முன்பே கண்ணில் பட்டிருந்தது. கறையாக. வருடக்கணக்கில் காற்றுப்பட்ட சில வகைக் கண்ணாடிகளில் மங்கலான நிறக் கறை படியும். ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்தப் பரப்பில் குறைந்திருப்பதை 1880களிலேயே இயற்பியலாளர் ராலே பிரபு கவனித்திருந்தார். 1890களில் இங்கிலாந்தின் யார்க் நகரில் குக் நிறுவனத்தின் ஒளியியல் நிபுணர் டென்னிஸ் டெய்லர், கறை பிடித்த லென்ஸ்கள் புதிய லென்ஸ்களைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கண்டார். வாடிக்கையாளர்கள் பாலிஷ் போடச் சொல்லி அனுப்பும் லென்ஸ்தான் நல்ல லென்ஸ்! செயற்கையாகக் கறை ஏற்ற ஒரு ரசாயன முறையை 1904இல் அவர் காப்புரிமையும் பெற்றார். ஆனால் கண்ணாடிக்குக் கண்ணாடி விளைவு மாறியது. தொழிற்சாலைக்கு அது ஒத்துவரவில்லை.

கறை ஏன் உதவுகிறது? கண்ணாடியின் மேல்தோலில் இருந்து சில உலோக ஆக்சைடுகள் அரித்துப் போய்விட, ஒளிவிலகல் எண் குறைந்த மெல்லிய படலம் ஒன்று மிஞ்சுகிறது. இப்போது ஒளி இரண்டு இடங்களில் திரும்பும்: படலத்தின் மேற்புறத்தில் கொஞ்சம், படலம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் கொஞ்சம். இரண்டாவது கீற்று படலத்துக்குள் போய்வந்த தூரத்தைக் கூடுதலாகக் கடந்திருக்கிறது. படலத்தின் தடிமன், அதற்குள் செல்லும் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், போக வர அரைப் பங்கு. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழ, திரும்பும் கீற்றுகள் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அப்படியானால் அந்த ஒளி எங்கே போனது? எங்கும் காணாமல் போகவில்லை. திரும்பும் வழி இல்லாததால் அதுவும் லென்ஸுக்குள்ளேயே போகிறது. மழை நாளில் ரோட்டில் சிந்திய எண்ணெய் வண்ணம் காட்டுவதும் இதே இயற்பியல்தான்.

இதைத் தொழிலாக மாற்றியவர் சைஸில் இருந்த உக்ரைனியரான அலெக்சாண்டர் ஸ்மாகுலா. வெற்றிடக் கலத்துக்குள் ஃபுளோரைடு உப்பைச் சூடாக்கி, அதன் ஆவியைக் கண்ணாடி மேல் படியவைக்கும் முறைக்கு 1935இல் காப்புரிமை பதிவானது. ஜெர்மன் ராணுவம் அதை ரகசியமாக்கிக்கொண்டது. அடுக்கடுக்காகக் கண்ணாடி கொண்ட பெரிஸ்கோப்புக்கும் பைனாகுலருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? 1938இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கேத்தரின் பிளாட்ஜெட் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். சோப்பு போன்ற ஒரு பொருளின் ஒற்றை மூலக்கூறுப் படலங்கள் 44ஐ ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி, ஒளியைக் கிட்டத்தட்டத் திருப்பாத கண்ணாடியைக் காட்டினார். துணியால் துடைத்தால் போய்விடும், அவ்வளவுதான் குறை.

நிலைத்தது மக்னீசியம் ஃபுளோரைடு. கடினமானது, ஒளிவிலகல் எண் 1.38. பச்சை ஒளிக்கு, அதாவது 550 நானோமீட்டருக்கு, கால் அலைநீளம் என்றால் தடிமன் 100 நானோமீட்டர். பச்சைக்காக அளந்த படலம் சிவப்பையும் நீலத்தையும் முழுதாக அடக்காது. அவை கொஞ்சம் தப்பித் திரும்புகின்றன. சாய்த்துப் பிடித்தால் லென்ஸ் ஊதாவாக மின்னுவது அதனால்தான்.

இந்த ஒரு படலம் 4 சதவீதத்தை ஏறத்தாழ 1.3 ஆகக் குறைக்கிறது. மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் பேய் உருவத்தை உண்டாக்கும் ஒளி இரண்டு முறை துள்ளியாக வேண்டும். ஒவ்வொரு துள்ளலும் மூன்றில் ஒன்றானால் பேய் ஒன்பதில் ஒன்றுக்கு ஒடுங்கிவிடுகிறது. பல படலங்களை அடுக்கி, திரும்புவதை 0.2 சதவீதத்துக்கு இறக்கினால் நானூற்றில் ஒன்று! 1971இல் அசாஹி பென்டாக்ஸ் ஏழு படலப் பூச்சோடு டாக்குமார் லென்ஸ்களை விற்கத் தொடங்கியதை அடுத்து, பல அடுக்குப் பூச்சு பொதுவழக்கானது. பதினைந்து தொகுதி கொண்ட ஜூம் லென்ஸில் பரப்புகள் முப்பது. பூச்சு இல்லாமல் அதில் நுழைந்தால் 30 சதவீதத்துக்கும் குறைவான ஒளிதான் மறுபுறம் வரும். வழிதவற 435 ஜோடிகள். இடைப்பட்ட காலத்தில் பிளானார் மீண்டும் எழுந்தது. இன்று விற்கும் 50 மி.மீ. லென்ஸ்களில் பெரும்பாலானவை அந்த 1896 குடும்பத்தின் வாரிசுகள். பெர்ட்டலேயின் ஒட்டுவேலைக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

அந்துப்பூச்சியின் கண் இன்னும் ஒரு படி மேலே. அதன் மேற்பரப்பில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய மேடுகள் நெருக்கமாக நிற்கின்றன. காற்று எங்கே முடிந்து கண் எங்கே தொடங்குகிறது என்பதே ஒளிக்குத் தெரியாது. 2008இல் கேனான் தன் 24 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் இதே மாதிரி நுண்கூம்புப் படலத்தைப் பயன்படுத்தியது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே லென்ஸை மெல்லச் சாய்க்க வேண்டும். பரப்புக்கு ஒன்றாக விளக்கின் பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் இருந்தால் பூச்சு இருக்கிறது. வெள்ளை வெளேரென்று ஒன்று தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. நம் கடலோர ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபங்கஸ். ஈரத்தில் வளரும் அந்தப் பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சை அரிக்கும். சுத்தம் செய்கிறவர் அழுத்தித் தேய்த்தால் மீதியும் போகும். உலர்பெட்டிக்கோ சிலிக்கா ஜெல்லுக்கோ ஆகும் செலவு இதற்கு முன் ஒன்றுமே இல்லை. பாதுகாப்புக்கு என்று மாட்டும் மலிவு யுவி ஃபில்டரையும் இதே வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது. பல ஆயிரம் ரூபாய் பூச்சுக்கு முன்னால் அது பூச்சில்லாத இரண்டு பரப்புகளைக் கொண்டுவந்து வைக்கிறது. இரவுக் காட்சியில் தெருவிளக்குகள் தலைகீழாக இன்னொரு முறை தெரிந்தால் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.

இவ்வளவு பாடுபட்டு ஒளியை அடக்கிய பிறகு, அந்தக் குறையே சிலருக்கு வேண்டியிருக்கிறது. 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி, லென்ஸ்களின் பூச்சை உரித்தெடுக்கச் செய்தார். நாற்பதுகளின் செய்திப்பட வெளிறல் அவருக்குத் தேவைப்பட்டது. ஃபோக்ட்லேண்டர் பெயரில் வரும் நோக்டன் 40 மி.மீ. லென்ஸ் ஒற்றைப் பூச்சில் ஒன்றும் பல அடுக்கில் ஒன்றுமாக இரண்டு வகையில் விற்பனைக்கு வந்தது. கறுப்பு வெள்ளை எடுப்பவர்கள் ஒற்றைப் பூச்சைத் தேடி வாங்குகிறார்கள். நிழலில் கொஞ்சம் ஒளி கசிந்தால் அங்கே விவரம் கூடுதலாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு, கான்ட்ராஸ்ட் குறைவதை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு.