கூடி வாங்கும் இணைப்பு

சென்னையிலிருந்து திருத்தணிக்கு இரயிலேறி வருகிறவர்கள் திருவள்ளூரை நெருங்குகையில், அந்தப் பக்கத்திலே திரூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது என்பதையோ, தேசத்தின் கூட்டுறவு இயக்கத்துக்கே அது ஒரு தொடக்க ஸ்தானம் என்பதையோ பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே, தனித்தனியாகப் போய் நின்றால் லேவாதேவிக்காரர் சொன்ன வட்டிக்குத் தலையசைப்பதைத் தவிர வேறு வழியில்லாத குடியானவர்கள் அங்கே ஒரு சங்கமாகக் கூடினார்கள். அதே ஆண்டில் திருவல்லிக்கேணியிலும், மளிகைச் சாமான்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து அங்கத்தினர்களுக்கு நியாயமான விலையில் கொடுப்பதற்கென்று ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை ஏற்பட்டது. சிறியவர்கள் பலர் ஒன்றுகூடி ஒரே பெரிய வாடிக்கைக்காரராக நின்று பேரம் பேசுவது என்ற உபாயம் இந்த மாவட்டத்து மக்களுக்குப் புதியதன்று. அந்த உபாயத்தையே நம்முடைய பள்ளிக்கூடங்கள் இணைய இணைப்பு வாங்கும் விஷயத்திலும் கைக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இணையத்தின் விலை எதனால் ஆகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீரையோ மின்சாரத்தையோ போல, செலவழிக்கச் செலவழிக்கத் தீர்ந்துபோகும் பண்டம் அது அன்று. கண்ணாடி இழைக் கேபிளைச் சாலையோரத்தில் பள்ளம் தோண்டிப் புதைப்பதற்கும், கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டுவதற்கும், வழிவிடும் உரிமைக்காக நெடுஞ்சாலைத் துறையிடமும் ஊராட்சியிடமும் அனுமதி பெறுவதற்கும், அறுந்தால் ஒட்டுவதற்கு ஆள் வைப்பதற்குமே பணத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. அந்த இழையின் வழியாக விநாடிக்குப் பத்து மெகாபிட் ஓடினாலும் ஆயிரம் மெகாபிட் ஓடினாலும் பள்ளம் தோண்டிய கூலி ஒன்றுதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கிராமத்தார் வேன் பேசும்போது, அதில் இரண்டு பேர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் வாடகை மாறாது என்பதை அறிந்து, தெருவே சேர்ந்து ஒரு வண்டியை அமர்த்திக்கொள்கிறார்கள் அல்லவா? நாற்பது குழந்தைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளி தனக்கென்று ஓர் இணைப்பைக் கேட்கும்போது, அது தன்னந்தனியாக வண்டி பேசுகிற நிலையிலே நிற்கிறது.

கூடி வாங்கினால் விலை குறைவது மட்டுமன்றி வேகமும் கூடுவதற்கு மற்றொரு காரணம் உண்டு. வீடுகளுக்கும் கடைகளுக்கும் தருகிற சாதாரண பிராட்பேண்ட் திட்டத்தில் '100 மெகாபிட் வரை' என்று எழுதியிருக்கும். அந்த 'வரை' என்ற சொல்லுக்குள்ளேதான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரே இழையைப் பல வாடிக்கைக்காரர்கள் பகிர்ந்துகொள்வதால், தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்காரும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறைந்துபோகிறது. இவ்வளவு வேகம் எப்பொழுதும் கிடைத்தே தீரும் என்று உத்தரவாதம் தருகிற லீஸ்டு லைன் வேறு வகை. அதன் விலையோ ஒரு சிறு பள்ளியின் சக்திக்கு மீறியது. ஆனால் பத்துப் பள்ளிகள் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. ஒவ்வொன்றிலும் இருபது கணினிகள், ஒவ்வொரு கணினியிலும் விநாடிக்கு மூன்று மெகாபிட் கேட்கும் ஒரு காணொளிப் பாடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பள்ளிக்கு உச்ச நேரத்தில் 60 மெகாபிட் வேண்டும். பத்தும் தனித்தனியே வாங்கினால் மொத்தம் 600. பத்துப் பள்ளிகளின் கணினி வகுப்பும் ஒரே பாடவேளையில் வருவதில்லையாதலால், கால அட்டவணையைச் சற்றே யோசித்து அமைத்துக்கொண்டால், அதில் பாதியளவு உத்தரவாதமான இணைப்பே எல்லோருக்கும் தாராளமாகப் போதும். அதோடு, 'மணற்கேணி' செயலியிலும் 'திக்ஷா' தளத்திலும் உள்ள பாடக் காணொளிகளை மையப் பள்ளியில் உள்ள ஒரு கணினியில் ஒருமுறை இறக்கிச் சேமித்து வைத்துக்கொண்டால், ஒரே பாடத்துக்காகப் பத்துத் தடவை வெளியே போய்வரும் சிரமமும் மிச்சமாகும்.

இதெல்லாம் ஆகாயக் கோட்டை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு சரித்திர உண்மையை நினைவூட்ட வேண்டும். பாரத தேசத்துக்கு இணையம் வந்ததே கல்வி ஸ்தாபனங்கள் ஒன்றுகூடியதால்தான். 1986-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, 'எர்னெட்' என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி. உட்பட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டும் அதில் இணைந்தன. பொதுமக்கள் பணம் கட்டி இணையத்தைப் பெறும் வசதியை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னரே, இந்தக் கூட்டில் சேர்ந்த பேராசிரியர்கள் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு 2010 மார்ச்சில், 5,990 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் மிக வேகமான ஒரே முதுகெலும்பில் கோக்கப்பட்டன.

இவையெல்லாம் உயர்கல்விக்குக் கிடைத்த பாக்கியம். 1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சுதந்தர இந்தியாவின் முதற் கல்விக் குழுவாகிய பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948-இல் தலைமை வகித்தார் என்பது இவ்வூராருக்குப் பெருமை தருகிற விஷயம். ஆயினும், அவர் அரிச்சுவடி படித்த அளவிலான சிறிய பள்ளிக்கூடங்களுக்குப் பல்கலைக்கழகங்களைப் போல் தம் தேவையைச் சேர்த்துச் சொல்லும் ஒரே குரல் நெடுங்காலம் அமையவில்லை என்பதையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பிற நாடுகளில் பள்ளிகளுக்கும் அந்தக் குரல் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் விளைவாக 'இ-ரேட்' என்ற ஏற்பாடு வந்தது. பள்ளியின் வறுமைக்கும் கிராமப்புறத் தன்மைக்கும் ஏற்ப இணைப்புக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். பள்ளிகள் கூட்டாகவும் விண்ணப்பிக்கலாம். 2014-இல் அதைச் சீர்திருத்தியபோது, எந்தப் பள்ளி என்ன விலை கொடுக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்ற நியதியும் சேர்ந்தது. என்னைக் கேட்டால், தள்ளுபடியைக் காட்டிலும் இந்த நியதியே மேலானது என்பேன். பக்கத்துப் பள்ளி என்ன விலை கொடுக்கிறது என்று அறியாத தலைமையாசிரியர், தமக்குச் சொல்லப்பட்ட விலை நியாயமா அநியாயமா என்பதை எந்த அளவுகோலால் அளப்பார்? இலண்டன் மாநகரத்தில் 33 உள்ளாட்சிகள் கூடித் தம் பள்ளிகளுக்கென்று ஒரே வலையமைப்பை நிறுவிக்கொண்டன. நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில், பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் உறுப்பினர்களாக இருக்கின்றன. 2020-இல் கொரோனா நோயால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, மாணவர்கள் டேட்டாவுக்குக் காசு கொடுக்காமலே வகுப்பில் கலந்துகொள்ள அந்தக் கூட்டமைப்பு தொலைபேசி நிறுவனங்களோடு பேசி வழி செய்தது. தனியொரு பல்கலைக்கழகம் கேட்டிருந்தால் இந்தச் சலுகை அவ்வளவு விரைவில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

தமிழ்நாட்டின் நிலைக்கு வருவோம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029-இல் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளுக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. இவற்றையொட்டி அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் பிராட்பேண்ட் கொண்டுசேர்க்கும் வேலையும் நடந்திருக்கிறது. தேசம் முழுவதையும் பார்த்தால், 2023-24-ஆம் கல்வியாண்டில் 53.9 சதவீதப் பள்ளிகளில் இருந்த இணைய வசதி அடுத்த ஆண்டில் 63.5 சதவீதமாக உயர்ந்ததென்று மத்திய சர்க்காரின் 'யூடைஸ்' கணக்கு கூறுகிறது. கிராமப்புறத்து அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தில் இணைப்பு தரப்படும் என்று 2025 பிப்ரவரியில் மத்திய நிதிநிலை அறிக்கையும் வாக்களித்தது. இவையும் ஒரு வகையில் கூட்டுக் கொள்முதலே. மாநிலம் முழுவதற்கும் ஒரே வாங்குபவராகச் சர்க்கார் நிற்கும்போது விலை இறங்கத்தான் செய்யும்.

எனினும் விலை இறங்குவது காரியத்தில் பாதிதான். வருகைப் பதிவு முதல் எண்ணும் எழுத்தும் மதிப்பீடு வரை அனைத்தையும் கல்வித் துறையின் 'எமிஸ்' தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கிற உபாத்தியாயர்கள், பள்ளியின் இணைப்பு வேலை செய்யாத நாளில் தங்கள் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். கேபிள் அறுந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு பிடித்தம், மாதாந்தர பில்லைக் கட்டுவது எந்தக் கணக்கிலிருந்து என்ற கேள்விகளுக்குத் தலைநகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தம் கிராமத்திலே பதில் சொல்வதில்லை. அந்தப் பதிலைச் சொல்வதற்கு, பள்ளிகளுக்கு அருகிலேயே, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய தூரத்திலே, ஒரு கூட்டு வேண்டும்.

அந்தக் கூட்டைப் புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள நடுநிலை, தொடக்கப் பள்ளிகளை ஒரே குழுமமாக இணைத்து, ஆய்வகம் முதலிய சாதனங்களைப் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம் என்று 1964-66-இல் கோத்தாரி கல்விக் குழு யோசனை கூறியது. நம் மாநிலத்தில் ஒவ்வொரு வட்டார வள மையத்தின் கீழும் குறுவள மையங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காக அங்கே கூடுவது வழக்கம். அந்தக் குறுவள மையமே இணையத்தை வாங்கும் குடும்பமாகட்டும் என்கிறேன். உதவி பெறும் பள்ளிகளும், ஊரிலுள்ள சிறிய தனியார் பள்ளிகளும் தங்கள் பங்கைக் கட்டி அதில் சேரலாம்; அரசாங்கத்தின் மொத்த விலை அவற்றுக்கு இன்று எட்டாத ஒன்று, அங்கே படிப்பவையும் இந்த ஊர்க் குழந்தைகள்தாம்.

திருத்தணிப் பிரதேசத்துக்கு இதில் விசேஷமான ஒரு தேவையும் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்த இத்தாலுகா, எல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, மக்கள் பேசும் பாஷை மாறவில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் தெலுங்கு வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. எல்லையோரக் கிராமங்களில் கைபேசி சில வேளை ஆந்திரப் பக்கத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். சில வேளை எதையும் பற்றாது. அப்படிப்பட்ட இடத்தில் கைபேசி சிக்னலை நம்பிப் பாடம் நடத்துவது இயலாத காரியம். ஒரு பள்ளியில் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ தெலுங்கில் பாடம் சொல்லும் நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்து, மற்றொன்றில் அந்த இடம் காலியாக இருக்குமானால், இரண்டு பள்ளிகளும் ஒரே வலையமைப்பில் இருக்கும் பட்சத்தில், அவருடைய வகுப்பை இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வேளையில் கேட்கலாம். இதற்கு வேண்டியது வெளியுலகத்து இணையம்கூட அன்று. இரண்டு ஊர்களுக்கு இடையே தடையின்றி ஓடும் ஓர் இழை போதும்.

செய்யவேண்டிய வேலை பெரிதன்று. குறுவள மையத்துக் கூட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் தற்போது கட்டும் கட்டணத்தையும், உண்மையில் கிடைக்கும் வேகத்தையும், சென்ற வருஷத்தில் இணைப்பு செத்துக்கிடந்த நாட்களையும் ஒரே தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோர்களுக்கும் காட்ட வேண்டும். அதன்பின் பி.எஸ்.என்.எல்.லிடமும், அவ்வழியில் இழை போட்டிருக்கும் மற்ற நிறுவனங்களிடமும், உள்ளூர்க் கேபிள்காரரிடமும் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே விலைப்புள்ளி கேட்க வேண்டும். 'வரை' என்ற சொல்லை நீக்கி, குறைந்தபட்ச வேகத்தையும் பழுதுபார்க்கும் கெடுவையும் எண்ணால் எழுதச் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வுகள் முடிந்து ஏப்ரலில் இந்தப் பேச்சைத் தொடங்கினால், பள்ளம் தோண்டுவதற்கும் கம்பம் நடுவதற்கும் கோடை விடுமுறை முழுவதும் கிடைக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது இழை வகுப்பறைக்கு வந்து சேர்ந்திருக்கும்.