இசைத் தொடரைக் கணக்கிடுதல்

பழைய மாணவர் கூடுமிடத்து முடிவுறாத வழக்குகள் சில உள. அவற்றுள் ஒன்று எமது வகுப்பினர்க்கு உரியது. திரைப்படங்களுக்கு இசையமைத்தோருள் எவர், ஒன்றன்பின் ஒன்றாக வந்த பல படங்களுக்கு, இடையில் ஒரு தொய்வுமின்றி இசை வழங்கினார் என்பதே அவ்வழக்கு. 1994 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் இருந்த காலத்தில் தொடங்கிய அது, இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் நல்லூரிலுமாகப் பிரிந்து நின்று நடைபெறுகின்றது. யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு ஆசிரியர் கேட்டபோது, முப்பது ஆண்டு பேசியும் தீராத இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு ஒரு முறையையேனும் வகுத்தல் கூடுமோ என்று பார்க்கத் துணிந்தோம். கணிதம் கற்பித்த எம் ஆசான்மார் இதனை ஒரு பயிற்சியாகக் கொண்டு பொறுத்தருள்வாராக.

இவ்வழக்கு எமக்கே உரியதெனக் கருதுதல் வேண்டா. மேனாட்டு ரொக் இசை அன்பர்கள் இதனைப் பன்னெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். பீற்றில்ஸ் குழுவினர் ‘றபர் சோல்’ (1965), ‘றிவோல்வர்’ (1966), ‘சார்ஜன்ற் பெப்பர்ஸ்’ (1967) என வரிசையாகத் தந்த இசைத்தட்டுகளை அவர்கள் முதலில் எடுத்துரைப்பர். எடுத்துரைத்தவுடன் சிக்கல் தோன்றிவிடும். 1969 இன் தொடக்கத்தில் வந்த ‘யெலோ சப்மறீன்’ என்ற தட்டில் அக்குழுவினரின் புதிய பாடல்கள் நான்கே உள. ஒரு பக்கம் முழுவதும் ஜோர்ஜ் மார்ட்டின் அமைத்த வாத்திய இசை. அதனைத் தொடரின் ஓர் உறுப்பாகக் கொள்வதா, விடுவதா? இறுதியாக 1970 இல் வெளிவந்த ‘லெற் இற் பீ’யின் பெரும்பகுதியோ, அதற்கு முந்திய ‘அபி றோட்’டுக்கும் முன்னரே பதிவு செய்யப்பட்டது. அப்படியாயின் எது முன், எது பின்? ஸ்டீவி வொண்டரின் கதை இதனினும் சுவையுடையது. 1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட மூன்று தொகுதிகளும் ஆண்டின் சிறந்த தொகுதிக்குரிய கிராமி விருதைப் பெற்றன. இடையில் அவர் எதுவும் வெளியிடாத ஆண்டின் பரிசு போல் சைமனுக்குக் கிடைத்தது. மேடையேறிய சைமன், அவ்வாண்டு தொகுதி வெளியிடாது விட்டமைக்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி கூறினார்.

ஆகவே தொடரொன்றைக் கணக்கிடுமுன் மூன்றினைத் தெளிதல் வேண்டும்: எண்ணப்படும் அலகு யாது, அதன் வரிசை யாது, எதனையும் விட்டுவிட்டு எண்ணுகின்றோமா. எம் நாட்டில் அலகு பெரும்பாலும் திரைப்படம். ஐந்தோ ஆறோ பாடல்கள் கொண்டது. வரிசைக்குப் படம் வெளியான நாளையே கொள்வோம். ஆயினும் அதுவும் முற்றாகத் தெளிவு தருவதன்று. 1993 தீபாவளியன்று ‘கிழக்குச் சீமையிலே’, ‘திருடா திருடா’ என்னும் இரண்டும் ரகுமானின் இசையுடன் ஒருங்கே வெளியாயின. இரட்டைப் பிள்ளைகளுள் மூத்தவரைத் தேடும் வேலை அது. எம்மை இத்துணைக் காலமாக ஏமாற்றி வந்தது மூன்றாவது. அதன் காரணத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வானொலிக்குரிய மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. அந்நிலையில் பாட்டுக் கேட்கும் வழி துவிச்சக்கரவண்டியே ஆயிற்று. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் பொருந்தவிட்டு, ஒருவர் மிதிக்க, மின் பிறக்கும். அது ஆடலோட்டம், ஆதலால் இருவாயிகளை இணைத்து நேரோட்டமாக்கி ஒலிநாடாக் கருவிக்குச் செலுத்தினோம். பௌதிகப் பாடத்தில் இருவாயியைப் பற்றிய வினாவுக்கு அக்காலத்து மாணவர் எவரும் புள்ளி இழந்திரார். மிதிப்பவர் களைத்தால் பாடகரும் களைப்பார். சுருதி இறங்கும், ஆண்குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். அவர் உற்சாகம் கொண்டு மிதித்தால் ஜானகி அம்மையார் சிறு குழந்தையாகிவிடுவார்.

இதிலிருந்து விளைந்தது யாதெனில், எவரும் தமக்குப் பிடியாத பாட்டுக்காக மிதிப்பதில்லை என்பது. நாடாவை முன்னோக்கி ஓட்டுவதற்கும் கருவியின் மின்னைச் செலவிடுவாரிலர். பென்சிலொன்றை நாடாச் சுருளின் பல்லிலே செருகி, கையாற் சுற்றி, வேண்டாத பாட்டைத் தாண்டுவோம். எத்தனை சுற்றுக்கு ஒரு பாட்டு என்பது விரல்களுக்குத் தெரியும். அதற்கும் முன்னரே இன்னொரு தெரிவு நிகழ்ந்திருக்கும். பாட்டுப் பதிவுசெய்து கொடுக்கும் கடைகளில் அறுபது நிமிட நாடாவொன்றைக் கொடுத்து, பன்னிரண்டு பாட்டுகளின் பட்டியலையும் கொடுப்போம். ஒரு படத்தில் இரண்டு, மற்றொன்றில் மூன்று என நல்லனவற்றையே கேட்போம். இவ்வாறு, ஒரு படத்தின் பாடல்களை முழுமையாகக் கேட்டவர் எமது வகுப்பில் மிகச் சிலர். நாடாக்களும் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வருவோரின் பையில், வந்தபோது வந்தன. ‘ஜென்டில்மே’னைக் கேட்டுப் பல மாதங்களின் பின்னரே அதற்கு முந்திய ‘புதிய முகம்’ எமக்குக் கிட்டியது. நாம் இன்றும் அவற்றை அம்முறையிலேயே நினைக்கின்றோம்.

இந்நிலையில்தான் எமது நண்பர் ஒருவர், “‘ரோஜா’ தொடக்கம் ரகுமான் ஒருதரமும் சறுக்கவில்லை” என்று முழங்கினார். நாம் இளையராஜாவின் பக்கம் நின்றோம். இருவரும் மாறிமாறி மிதித்துக்கொண்டு வாதிட்டோம். அவரவர் பாட்டுக்கு அவரவர் மிதிக்க வேண்டும் என்பது விதி. அவர் கால்கள் எமதினும் வலியவை. ஆதலால் அன்றைய வாதங்கள் பலவற்றில் வென்றவர் அவரே.

நல்லனவற்றை மட்டும் பதிந்து வைத்த நாடாவைக் கொண்டு தொடரை அளப்பது எத்தகையது என்பதற்கு எம் மைதானத்திலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். டொன் பிரட்மன் 1948 இல் ஓவல் மைதானத்தில் ஆடிய இறுதி இன்னிங்ஸில் பூச்சியத்துடன் ஆட்டமிழந்தார். 70 தடவை ஆட்டமிழந்து 6,996 ஓட்டங்கள், சராசரி 99.94. அந்த ஒரு பூச்சியத்தை ஏட்டினின்றும் நீக்கிப் பாருங்கள், சராசரி 101.39 ஆகிவிடும். கிரிக்கெற்றில் ஏடெழுதுபவர் பூச்சியத்தையும் எழுதுவார். எமது பதிவுக்கடைக்காரர் எழுதவில்லை. எழுதுமாறு நாம் அவரைக் கேட்கவுமில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் எல்லாரும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அந்நாடாக்கள் இருந்த பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. வண்டியில் அரிசியும் அம்மாவின் தையல் இயந்திரத்தின் தலையும் ஏறின. திரும்பி வந்தபோது பெட்டி இல்லை. ஆகவே வழக்கின் சான்றுகள் அழிந்துபோக, நினைவு ஒன்றையே சான்றாகக் கொண்டு வாதிட்டு வந்தோம். நினைவு, அந்நாடாவினும் கடுமையாகப் பொறுக்கி எடுப்பது.

சென்ற ஆண்டு இதற்கு ஒரு முடிவு காணக் கருதி, படங்களின் பட்டியலை வரிசையாக எழுதி, ஒன்றும் விடாது கேட்கத் தொடங்கினோம். இப்போது மிதிக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி.

நண்பரின் வழக்கை முதலில் எடுத்தோம். ‘ரோஜா’ (1992) முதல் ‘பம்பாய்’ (1995) வரை ரகுமான் இசையமைத்த நேரடித் தமிழ்ப் படங்கள் பதினான்கு. நண்பர் எப்போதும் பத்தையே சொல்வார். அவர் மறந்தவை ‘உழவன்’, ‘வண்டிச்சோலை சின்னராசு’, ‘பவித்ரா’, ‘புதிய மன்னர்கள்’. ‘ரோஜா’ வந்த அதே ஆண்டிலேயே மலையாளத்தில் ‘யோதா’ என்ற படம் வந்ததையும் அவர் அறிந்திலர்; அதனைத் தனிமொழி என்று விட்டுவிடுவோம். ‘உழவன்’ எமக்கு வியப்பளித்தது. படம் மறக்கப்பட்டதனால் அதன் பாட்டுகளையும் மறந்துவிட்டோமேயன்றி, அவற்றில் குறையொன்றும் இல்லை. ‘பவித்ரா’விலோ, பி. உன்னிகிருஷ்ணனுக்குத் தேசிய விருது கிடைப்பதற்குக் ‘காதலன்’ பாட்டுடன் சேர்ந்து காரணமாகிய பாட்டு ஒன்று உளது. ஆனால் ஏனையவை அதன் அருகில் நிற்பனவல்ல. ‘வண்டிச்சோலை சின்னராசு’வை இருமுறை கேட்டோம். நண்பர் மீதுள்ள அன்பினால் மூன்றாம் முறையும் கேட்டோம். தொடர் அங்கே அறுகின்றது. ஆக, ‘ரோஜா’ முதல் ‘திருடா திருடா’ வரை ஆறு படங்கள். அதன்பின் ‘டூயட்’ தொடங்கிக் ‘கருத்தம்மா’ வரை நான்கு.

அடுத்து எமது வழக்கு. இளையராஜாவின் முதற் படமாகிய ‘அன்னக்கிளி’ 1976 இல் வந்தது. நூறாவது ‘மூடுபனி’ 1980 இல். ஐந்நூறாவது ‘அஞ்சலி’ 1990 இல். பத்தாண்டில் நானூறு படங்கள் என்றால் மாதத்துக்கு மூன்றுக்கும் மேல். நாள் வரிசையில் எண்ணினால் எந்த மனிதரின் தொடரும் அதில் நிலைத்தல் அரிது. ஒரு கிழமை ‘ஜானி’ போன்ற ஒன்று வரும். மறு கிழமை யார்க்கும் நினைவில்லாத ஒன்று வரும். ஆதலின் நெறியாளர் ஒருவரின் படங்களை மட்டும் ஓர் இழையாகப் பிரித்து எண்ணுவோம் என்று நாம் வாதிட்டோம். மகேந்திரனின் முதல் ஏழு படங்களும் இளையராஜாவின் இசையைப் பெற்றவை: ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’, ‘பூட்டாத பூட்டுகள்’, ‘ஜானி’, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’, ‘நண்டு’, ‘மெட்டி’ (1982). முப்பது ஆண்டாக இவ்வேழையும் நண்பரின் முகத்தெதிரே வீசி வந்தோம். இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அவ்வளவு காலமும் ‘பூட்டாத பூட்டுகள்’ படத்தின் பாட்டொன்றையும் நாம் கேட்டதில்லை. கேட்டோம், நன்று. ஆயினும் ‘உதிரிப்பூக்க’ளுக்கும் ‘ஜானி’க்கும் நடுவே வைத்தபோது அது தாழ்ந்தே தோன்றியது. ஏழு என்ற எண்ணை மீளப் பெற்றுக்கொள்கின்றோம்.

மணிரத்தினத்தின் இழை இதனிலும் உறுதியானது. கன்னடப் படமாகிய ‘பல்லவி அனு பல்லவி’ (1983) முதல் ‘தளபதி’ (1991) வரை நான்கு மொழிகளில் அவர் எடுத்த பத்துப் படங்களுக்கும் இளையராஜாவே இசை. அவற்றுள் பிந்திய ஆறு ‘மௌன ராகம்’, ‘நாயகன்’, ‘அக்னி நட்சத்திரம்’, தெலுங்குக் ‘கீதாஞ்சலி’, ‘அஞ்சலி’, ‘தளபதி’. எங்கே அறுகின்றது என்று தேடினோம், காணவில்லை. அடுத்த படம் ‘ரோஜா’. அதுமுதல் 2025 இல் வந்த ‘தக் லைஃப்’ வரை அவர் நெறிப்படுத்திய படங்கள் எல்லாவற்றுக்கும் ரகுமான்தான். இவ்வாறு ஆறுக்கு ஆறு என்று வழக்குச் சமநிலையில் வந்து நின்றது.

முந்திய தலைமுறையினர் இதனைக் கண்டு முறுவலிப்பர். இலங்கை வானொலியின் அருகே வளர்ந்தோர் அவர்கள். விஸ்வநாதன் - இராமமூர்த்தி இரட்டையர்க்கு ஈடேது என்பர். பீம்சிங்கின் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961 என்ற ஓராண்டிலேயே வந்தவை. அவ்வாண்டுக்கு நிகராக ஓராண்டை நாமும் காட்டமாட்டோம். ஆயினும் பகரத்தில் தொடங்கும் பீம்சிங்கின் படங்கள் எல்லாம் அவ்விரட்டையர்க்குரியன என்று அவர்கள் சொல்லும்போது இடைமறிக்க வேண்டியுள்ளது. ‘பாகப்பிரிவினை’க்கும் (1959) ‘பாவமன்னிப்பு’க்கும் இடையே வந்த ‘படிக்காத மேதை’க்கு (1960) இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். மறந்தது மீண்டும் இடையில் நின்ற ஒன்றே.

அந்த மகாதேவனையும் எங்கள் வழக்கில் எவரும் பேசியதில்லை. ஏ. பி. நாகராஜனுக்கு அவர் அளித்த ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘கந்தன் கருணை’, ‘திருவருட்செல்வர்’ (1967), ‘திருமால் பெருமை’, ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்பவற்றைக் கோயில் ஒலிபெருக்கியிற் கேட்டே வளர்ந்தமையால், அவற்றை ஒருவர் இருந்து அமைத்தார் என்ற நினைவே எமக்கு எழவில்லை போலும். சிறந்த இசையமைப்பாளருக்கான இந்திய அரசின் தேசிய விருதை முதன்முதலிற் பெற்றவரும் ‘கந்தன் கருணை’க்காக அவரே. இவ்வரிசையில் 1967 இல் வந்த ‘சீதா’வும் உளது. அதன் பெயரை எம்முள் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

இவற்றையெல்லாம் எழுதி நண்பருக்கு அனுப்பினோம். வந்த மறுமொழி கடுமையானது. நெறியாளர் ஒருவரின் இழையை நானூறு படங்களிலிருந்து பிரித்தெடுப்பதும் பதிவுக்கடையிற் பாட்டுத் தெரிவதும் ஒன்றே. தமக்கு மட்டும் ‘வண்டிச்சோலை சின்னராசு’வைக் கட்டிவைத்துவிட்டு, உமக்கு மணிரத்தினத்தைத் தெரிந்தெடுத்தீர் என்கின்றார். இதில் உண்மை உண்டு. எமது பக்கத்து விடை இதுவே: பதிவுக்கடையில் நாம் தெரிந்தது பாட்டைக் கேட்டபின், நெறியாளர் இசையமைப்பாளரைத் தெரிவதோ ஒரு மெட்டும் பிறக்குமுன். விளைவை அறியாது செய்த தெரிவு கணக்கைக் கோணச் செய்யாது. ஆயினும் அத்துணை இழைகளுள் மணிரத்தினத்தின் இழையை விளைவு அறிந்தபின் எடுத்தவர் நாமே என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. இம்மலர் கைக்கு வந்தால் கவனிப்பார்.

யூபிலி விழாவுக்கு அவர் வருகின்றார். அதற்குள் ‘சீதா’வை இருவரும் தனித்தனியே முழுமையாகக் கேட்டு வருவதென்றும், ஒரு பாட்டையும் தாண்டுவதில்லை என்றும் உடன்பட்டிருக்கின்றோம்.