தேத்தண்ணி கறுக்கும் கிணறு

குழாய்க்கிணற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடித்த கையோடு தெளிவாய் இருந்த தண்ணீர் சில கிணறுகளில் மெல்ல மஞ்சளிக்கும், அடியில் செம்மண் நிறத்தில் மண்டி படியும். அதில் தேத்தண்ணி ஊற்றினால் கறுத்துவிடும். இரும்புத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு நாம் பழகிக்கொள்கிறோம். அந்த இரும்பு கரைந்து வந்த அதே வழியால்தான் வங்காளத்தில் ஆசனிக் என்ற நஞ்சும் கிணற்று நீருக்குள் வந்தது.

ஆறு கொண்டுவந்து கொட்டும் மணலிலும் சேற்றிலும் துகள்களின் மேல் துரு பூசியிருக்கும். பாறையிலிருந்து வந்த ஆசனிக்கை அந்தத் துருதான் பிடித்து வைத்திருக்கிறது. சேற்றோடு புதைந்த இலை தழைகள் மக்கும்போது நுண்ணுயிர்கள் அங்குள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். பிறகு சில நுண்ணுயிர்கள் துருவைக் கொண்டே சுவாசிக்கும். துரு கரையும், பிடி விட்டுப்போகும், இரும்பும் ஆசனிக்கும் சேர்ந்தே நீரில் இறங்கும். யாரும் கழிவு கொட்ட வேண்டியதில்லை.

வங்காளத்தில் குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்றோட்டத்தைத் தடுக்கத்தான், 1970களில் நல்லெண்ணத்தோடு குழாய்க்கிணறுகள் இறக்கினார்கள். 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, உள்ளங்கை தடித்து உடம்பில் கரும்புள்ளி விழுந்த கிராமத்தவர்களிடம் ஆசனிக் நஞ்சைக் கண்டறிந்தார். 1993இல் பங்களாதேசத்திலும் அது தெரியவந்தது. கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். காற்றுப் படும் திறந்த கிணறுகளில் பெரும்பாலும் ஆசனிக் குறைவாகவே இருந்தது.

நம் பக்கத்தில், கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியின் மணல், வங்காளத்து மணலைப் போல் இமயம் போன்ற இளமையான மலையிலிருந்து வந்ததல்ல, மிகப் பழைய பாறைகள் தேய்ந்து வந்தது. வங்காளத்தின் அச்சத்தை மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் அப்படியே கொண்டுவரக் கூடாது. அதற்காக இலங்கைக்கு இது வராது என்றும் சொல்ல முடியாது. மன்னார்த் தீவின் மணல் நிலத்தடி நீரில், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டிய ஆசனிக் பதிவாகியிருக்கிறது. அதேவேளை, பதவிசிறிபுர உள்ளிட்ட உலர்வலயப் பகுதிகளின் சிறுநீரக நோய்க்கு 2011இல் சில ஆய்வாளர்கள் ஆசனிக்கையே காரணம் காட்டினார்கள். பின்னர் சோதித்த கிணறுகளில் பெரும்பாலானவற்றில் அது எல்லைக்குள்தான் இருந்தது. அளக்காமல் பயப்படுவதும், அளக்காமல் தைரியமாக இருப்பதும் ஒரே தவறுதான்.

ஆசனிக்குக்கு நிறமில்லை, சுவையில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். மண்டி படிவதை வைத்து ஆசனிக் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. பக்கத்து வளவுக் கிணற்றின் முடிவு உங்கள் கிணற்றுக்குப் பொருந்தாமல் போகலாம். குழாயின் ஆழம் சில அடி மாறினாலே அளவு மாறலாம். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது வழமையான சோதனைகளோடு நின்றுவிடாமல், ஆசனிக்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். குழாயைச் சில நிமிடம் அடித்து ஓடவிட்ட பிறகே போத்தலில் பிடியுங்கள்.