சம அளவுத் தோற்றத்தில் அளவு குறித்தல்

சம அளவுத் தோற்றத்தில் அளவு குறித்தல் என்பது, ஐசோமெட்ரிக் தோற்றம் எனவும் அழைக்கப்படும் சம அளவுத் தோற்ற வரைபடத்தில், ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அந்தந்த முகத்தின் சாய்வுக்கு இணங்கக் குறிக்கும் முறையாகும். இருபரிமாணக் கணினிவழி வரைதலில் வழக்கமான அளவுக் கட்டளைகள் மட்டும் இதற்குப் போதுமானவை அல்ல. இங்கு ஆட்டோகேட் மென்பொருள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

கேம்பிரிட்ச் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஃபாரிசு 1822 ஆம் ஆண்டில் இவ்வரைமுறையை விளக்கி எழுதினார். இதில் பொருளின் மூன்று அச்சுகளும் கிடைக்கோட்டுடன் 30°, 90°, 150° கோணங்களில் அமைகின்றன. உண்மையான எறியத்தில் நீளங்கள் ஏறத்தாழ 0.816 மடங்காகக் குறுகும். எனினும் நடைமுறையில் அச்சுகளின் வழியே முழு நீளமே வரையப்படுவதால், அச்சுகளுக்கு இணையான கோடுகளை நேரடியாக அளக்கலாம்.

சிக்கல்

இருபரிமாண வரைபடத்தில் ஒரு கனசதுரத்தின் விளிம்புகள் மென்பொருளுக்கு வெறும் சாய்ந்த கோடுகளே. 30° சாய்ந்த 100 மி.மீ. விளிம்பை டிம்லீனியர் கட்டளையால் வழக்கம்போல் அளந்தால், கிடையாக 86.6 அல்லது செங்குத்தாக 50 என்றே கிடைக்கும். டிம்அலைண்டு கட்டளை 100 என்னும் சரியான அளவைத் தரும். ஆனால் நீட்சிக் கோடுகள் அளவுக் கோட்டிற்குச் செங்குத்தாக நிற்பதால், அவ்வளவு எந்த முகத்தைச் சார்ந்தது என்பது விளங்காது.

செய்முறை

1. டிம்அலைண்டு கட்டளையால் விளிம்பை அளத்தல்.
2. டிம்எடிட் கட்டளையில் ஒப்லீக் என்னும் தெரிவைக் கொண்டு நீட்சிக் கோடுகளைச் சாய்த்தல்.
3. சாய்வெழுத்துப் பாணியை அளவு எண்ணுக்கு இடுதல். இதற்காக +30°, -30° சாய்வுடைய இரு எழுத்துப் பாணிகளை முன்னரே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முகத்திலும் இரண்டு அச்சுகள் உள்ளன. அளவுக் கோடு ஓர் அச்சுக்கு இணையாக இருந்தால், நீட்சிக் கோடுகள் மற்ற அச்சுக்கு இணையாக அமைய வேண்டும். எண்கள் அளவுக் கோட்டின் வழியே எழுதப்படும்போது மதிப்புகள் பின்வருமாறு அமையும்:

- வலது முகம், 30° விளிம்பு: நீட்சிக் கோடு 90°, எழுத்து +30°
- வலது முகம், செங்குத்து விளிம்பு: நீட்சிக் கோடு 30°, எழுத்து -30°
- இடது முகம், 150° விளிம்பு: நீட்சிக் கோடு 90°, எழுத்து -30°
- இடது முகம், செங்குத்து விளிம்பு: நீட்சிக் கோடு 150°, எழுத்து +30°
- மேல் முகம், 30° விளிம்பு: நீட்சிக் கோடு 150°, எழுத்து -30°
- மேல் முகம், 150° விளிம்பு: நீட்சிக் கோடு 30°, எழுத்து +30°

கவனிக்க வேண்டியவை

அச்சுகளுக்கு இணையாக இல்லாத கோடுகளில் மென்பொருள் காட்டும் அளவை நம்பக்கூடாது. 100 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் உண்மையில் 141.4 மி.மீ. ஆகும். ஆனால் சம அளவுத் தோற்றத்தில் அச்சதுரம் சாய்சதுரமாக மாறுவதால், ஒரு மூலைவிட்டம் 173.2 எனவும் மற்றது 100 எனவும் அளக்கப்படும். இந்த எண்களை அப்படியே வரைபடத்தில் விட்டால் பொருள் தவறான அளவில் உருவாக்கப்பட நேரிடும். எனவே சரியான அளவைக் கணக்கிட்டுக் கையால் உள்ளிட வேண்டும். அவ்வாறு உள்ளிட்ட எண், பின்னர் வரைபடத்தை மாற்றும்போது தானாக மாறாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வட்டங்கள் நீள்வட்டங்களாகத் தோன்றும். 50 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் நெட்டச்சு ஏறத்தாழ 61.2 மி.மீ., குற்றச்சு 35.4 மி.மீ. ஆகும். மையத்தின் வழியே, அம்முகத்தின் அச்சொன்றுக்கு இணையாக அளந்தால் மட்டுமே 50 கிடைக்கும்.

முப்பரிமாண மாதிரியில்

பொருள் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கப்பட்டிருந்தால் இச்சாய்வுகள் தேவையில்லை. பயனர் ஆயத்தளத்தை உரிய முகத்தின் மீது பொருத்தி அளந்தால், அளவுக் கோடுகள் அம்முகத்திலேயே படிந்து, மூலைவிட்டத்திற்கும் உண்மை நீளத்தையே காட்டும்.