ஆறாம் வகுப்புக்கு அப்புறம் பேரன்ட்ஸ் மீட்டிங் எதுக்கு? சட்டம் சொல்வது இதுதான்!

"பையன் எப்படிப் படிக்கிறான், மிஸ்?" ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி வாசலிலேயே கேட்டுவிடலாம். ஆறாம் வகுப்பில் பிள்ளை தனியாக பஸ் ஏறத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுபோகிறது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வேறு. யாரிடம் கேட்பது என்றே பல வீடுகளில் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை பொருந்தும். பெற்றோரை அவ்வப்போது சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்கிறது 24-வது பிரிவு. ஆக, இது சலுகை இல்லை, உரிமையோடு கேட்கலாம்.

குழுவில் யார்?

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கட்டாயம். அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்பதையும் இவர்கள் கண்காணிக்கலாம்.

சிக்கல் எங்கே?

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு மீட்டிங் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. வாட்ஸ்அப் குரூப்பில் வரும் நீள மெசேஜை எல்லாராலும் படிக்க முடியாது; சின்ன வாய்ஸ் நோட் போதும். மார்க் குறைந்தால் மட்டும் வரும் போன், நல்ல சேதிக்கும் ஒருமுறை வந்தால் பெற்றோரின் பயம் குறையும்.

நீங்க என்ன செய்யலாம்?

தம்பி, தங்கை ஸ்கூலில் படிக்கிறார்களா? அடுத்த மீட்டிங்குக்கு அம்மாவோடு நீங்களும் போங்க. மூணே கேள்வி: எத்தனை நாள் லீவு? எந்தப் பாடத்தில் திணறல்? வீட்டில் நாங்க என்ன செய்யணும்?