ரயில் இயக்கத்தில் ஆற்றல் சிக்கனம்

ஆற்றல் சிக்கன ரயில் ஓட்டுமுறை என்பது, கால அட்டவணையும் பாதுகாப்பு விதிகளும் மீறப்படாமல், ஒரு ரயிலை இயன்றவரை குறைந்த மின்சாரத்திலோ டீசலிலோ ஓட்டிச் செல்லும் முறையாகும். இதற்குப் புதிய இன்ஜினோ புதிய பாதையோ தேவையில்லை. எங்கே விசை கொடுப்பது, எங்கே நிறுத்துவது, எங்கே பிரேக் போடுவது என்னும் மூன்று முடிவுகளைச் சரியான இடத்தில் எடுப்பதே இதன் சாரம். அம்முடிவுகளை எடுப்பவர் லோகோ பைலட் எனப்படும் ரயில் ஓட்டுநர். ஆகவே இது பொறியியல் சார்ந்த பொருள் மட்டுமன்று. ஓட்டுநரின் பயிற்சி, ஓய்வு, பணிநேரம் ஆகியவற்றோடும் தொடர்புடையது.

அடிப்படை

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை மிகக் குறைவு. சாலையில் ஓடும் ரப்பர் டயருடன் ஒப்பிட்டால் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இதனால் வேகம் எடுத்துவிட்ட ரயில், விசை நிறுத்தப்பட்ட பின்னும் பல கிலோமீட்டர் ஓடும் இயல்புடையது. மறுபுறம், அதன் எடை மிகப் பெரியது என்பதால் வேகம் எடுக்கவே பேரளவு ஆற்றல் செலவாகிறது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். இன்ஜினும் பெட்டிகளும் சேர்ந்து 1,000 டன் எடையுள்ள ஒரு விரைவு ரயில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 130 அலகு (யூனிட்) மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரப்படும் 100 அலகைவிட இது அதிகம். சாதாரண பிரேக் கட்டையைப் பயன்படுத்தி அந்த ரயிலை ஒருமுறை நிறுத்தினால் அத்தனை ஆற்றலும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். மீண்டும் அதே வேகத்துக்கு வர 130 அலகுக்கு மேல் தேவைப்படும். முழுவதும் நிற்காமல் 110-இலிருந்து 60 கி.மீ. வேகத்துக்குக் குறைந்தால்கூட ஏறத்தாழ 91 அலகு போய்விடும். தேவையற்ற ஒவ்வொரு நிறுத்தமும் வேகக் குறைப்பும் எவ்வளவு விலையுயர்ந்தவை என்பதை இது காட்டுகிறது.

நான்கு கட்டங்கள்

இரு நிலையங்களுக்கு இடையிலான ஓட்டத்தை நான்கு கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம்: முழு விசையுடன் வேகம் எடுத்தல், எடுத்த வேகத்தை நிலைநிறுத்தல், விசையை நிறுத்திவிட்டு ஓடவிடுதல், பிரேக் போட்டு நிறுத்தல். மூன்றாவது கட்டத்தை ஓட்டுநர்கள் 'கோஸ்டிங்' என்பார்கள். சமதளப் பாதையில் குறைந்த ஆற்றலில் குறித்த நேரத்துக்குப் போய்ச்சேர இந்த வரிசையே சிறந்தது என்பது கணித வழியிலும் நிறுவப்பட்டுள்ளது. ஜப்பானைச் சேர்ந்த இச்சிகாவா 1968-இல் இப்பொருள் குறித்து வெளியிட்ட ஆய்வு முன்னோடியானது. 1980-களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், புறநகர் ரயில்களில் எந்த இடத்தில் விசையை நிறுத்தலாம் என்று ஓட்டுநருக்குச் சொல்லும் 'மெட்ரோமைசர்' என்ற கருவி உருவாக்கப்பட்டது. இன்று பல நாடுகளில் பயன்படும் ஓட்டுநர் ஆலோசனைக் கருவிகள் இதே வழியில் வந்தவை.

மெதுவாக வேகம் எடுத்தால் சிக்கனம் என்பது பொதுவான தவறான எண்ணம். மெதுவாக வேகம் எடுத்தால் அதில் இழந்த நேரத்தை ஈடுசெய்யப் பின்னர் அதிக வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் செலவும் கூடும். விரைவாக வேகம் எடுத்து, அதனால் மிச்சமான நேரத்தைக் கோஸ்டிங்குக்குப் பயன்படுத்துவதே ஆதாயம்.

மேற்சொன்ன 1,000 டன் ரயிலையே எடுத்துக்கொள்வோம். அடுத்த நிலையத்தில் அது நிற்க வேண்டும். ஓட்டத் தடை டன்னுக்கு 35 நியூட்டன் எனக் கொண்டால், விசையை நிறுத்திய பின் 110-இலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு இறங்குவதற்குள் ரயில் ஏறத்தாழ 2.3 கி.மீ. ஓடிவிடும். இதில் இழக்கும் நேரம் சுமார் 4 வினாடி. மிச்சமாகும் ஆற்றல் சுமார் 22 அலகு. வேகம் குறையும்போது தடையும் குறைவதால் சராசரியாக 30 நியூட்டன் எனக் கொண்டு 80 கி.மீ. வேகம் வரை ஓடவிட்டால், சுமார் 7 கி.மீ. தொலைவில் 61 அலகு மிச்சமாகும். ஆனால் 38 வினாடி தாமதமாகும். முதல் சில வினாடிகளுக்குக் கிடைக்கும் ஆதாயம் மிக அதிகம் என்பதும், போகப்போக அது குறைகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். அட்டவணையில் ஒரு நிமிடம் கையிருப்பு இருந்தாலும் அதைக் கொண்டு குறிப்பிடத்தக்க சேமிப்பைப் பெறலாம்.

நடைமுறை நுட்பங்கள்

கோஸ்டிங் செய்ய ஓட்டுநருக்குப் பாதை மனப்பாடமாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 1,000 டன் ரயிலைப் புவியீர்ப்பு பின்னிழுக்கும் விசை, சமதளத்தில் உள்ள தடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே ஏற்றத்துக்கு முன்பே வேகம் சேர்த்து, உச்சியை நெருங்கும்போது விசையைக் குறைத்து, இறக்கத்தில் ரயிலைத் தானாக ஓடவிடுவார்கள். இந்திய ரயில்வேயில் ஓர் ஓட்டுநர் புதிய பிரிவில் தனித்து ரயிலை இயக்குமுன் அங்கே 'ரோடு லேர்னிங்' எனப்படும் பாதை பழகும் பயணங்களை முடிக்க வேண்டும். வளைவு, ஏற்றம், சிக்னல் நிற்கும் இடம், வேகக் கட்டுப்பாடு ஆகியவை இரவிலும் பகலிலும் அவருக்குப் பழக வேண்டும்.

25 கிலோவோல்ட் மின்பாதையில் இரு துணை மின்நிலையங்களின் எல்லைகளுக்கு இடையே மின்சாரமற்ற சிறு பகுதி இருக்கும். அதை நெருங்குவதை 500 மீட்டர், 250 மீட்டர் பலகைகள் அறிவிக்கும். அங்கே இன்ஜினின் முதன்மை மின்துண்டிப்பியைத் திறந்துவிட்டு ரயிலை ஓடவிட வேண்டும். இந்தத் துண்டிப்பியைத் தமிழ் ஓட்டுநர்களும் 'டிஜே' என்றே சொல்கிறார்கள். இது 'திஸ்ழோன்க்தெர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். 1957-இல் இந்தியா 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்முறையைத் தேர்ந்தபோது பிரெஞ்சு ரயில்வேயின் தொழில்நுட்ப உதவியைப் பெற்றதால் இத்தகைய சொற்கள் நிலைத்துவிட்டன.

நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் தேவையற்ற ஊதுவிசிறிகளை நிறுத்துதல், இரட்டை இன்ஜின் பூட்டிய ரயில் சுமையின்றிச் செல்லும்போது ஒன்றை ஓய்வில் வைத்தல், விசை கொடுத்துக்கொண்டே பிரேக் போடாதிருத்தல் ஆகியவையும் சிக்கன முறைகளில் அடங்கும். நீராவிக் காலத்திலும் இதே அக்கறை இருந்தது. ஃபயர்மேன் நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி இடுவதும், ஓட்டுநர் உருளைக்குள் நீராவி புகும் அளவைக் குறைத்து அதை விரிய விடுவதும் அன்றைய சிக்கனக் கலைகள்.

மீளாக்க பிரேக்

பழைய டபிள்யூ.ஏ.பி-4 போன்ற இன்ஜின்களில் பிரேக் போடும்போது இழக்கும் ஆற்றலை மீட்க வழியில்லை. மூன்று கட்ட மின்மோட்டார் கொண்ட டபிள்யூ.ஏ.பி-5, டபிள்யூ.ஏ.பி-7, டபிள்யூ.ஏ.ஜி-9 இன்ஜின்களில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதை அதே பிரிவில் ஓடும் வேறொரு ரயில் பயன்படுத்திக்கொள்ளும். மிஞ்சியது துணை மின்நிலையம் வழியே மின்தொகுப்புக்குப் போகும். பிரேக் கட்டை, சக்கரம் ஆகியவற்றின் தேய்மானமும் குறைகிறது. டெல்லி மெட்ரோ இம்முறையால் கிடைத்த சேமிப்புக்காக ஐக்கிய நாடுகளின் தூய்மை வளர்ச்சி இயங்குமுறையின்கீழ் கார்பன் வரவு பெற்றது. சென்னை மெட்ரோ ரயில்களிலும் மீளாக்க பிரேக் உள்ளது.

இருப்பினும் மீளாக்கம் கோஸ்டிங்குக்கு மாற்றன்று. மோட்டாரிலும் மின்மாற்றியிலும் இழப்பு இருப்பதால் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. மேலும் மீளாக்கத்தின் விசை வரம்புக்குட்பட்டது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் முன்கூட்டியே மென்மையாகப் பிரேக் போடத் தொடங்க வேண்டும். கடைசி நேரத்தில் காற்று பிரேக்கை அழுத்திப் போட்டால் பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகவே வீணாகும்.

விழுப்புரம் – புதுச்சேரி பாதை

லாஸ்பேட்டையில் புதுச்சேரியின் விமான நிலையம் அமைந்துள்ளது. ரயில் ஏற அப்பகுதி மக்கள் நகரின் தென்புறத்தில், சுப்பையா சாலையில் உள்ள நிலையத்துக்குச் செல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக அந்நிலையத்துக்கு வரும் பாதை பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1879-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. தென்னிந்திய ரயில்வே அதில் ரயில்களை இயக்கியது. அகலப்பாதையாக மாற்றப்பட்டுப் பின்னர் மின்மயமாக்கப்பட்ட இந்தப் பாதையின் நீளம் சுமார் 38 கி.மீ.

சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை 1931-இல் மின்மயமாக்கப்பட்டது. 1960-களில் 25 கிலோவோல்ட் முறைக்கு மாறி விழுப்புரம் வரை நீண்டது. இந்தியாவில் மின்மயமான ஒரே மீட்டர் பாதை அதுவே.

புதுச்சேரி கிளைப்பாதை சிக்கன ஓட்டத்தின் எல்லைகளை நன்கு காட்டுகிறது. அது ஒற்றைப் பாதை. எதிர்வரும் ரயில் கடக்கும் நிலையத்துக்கு இன்னும் வராதபோது, இந்த ரயில் விரைந்து போனாலும் வெளிச் சிக்னலில் நிற்கத்தான் வேண்டும். அவ்வாறு நின்றால் சேர்த்த ஆற்றல் முழுவதும் வீண். சில கிலோமீட்டர் முன்பே செய்தி கிடைத்தால் ஓட்டுநர் மிதமான வேகத்தில் வந்து, பச்சை விளக்கில் நிற்காமல் கடக்க முடியும். புதுச்சேரி ஒரு முனைய நிலையம் என்பதால் இன்ஜின் பூட்டிய ரயில் திரும்பிப் போக, இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் பூட்ட வேண்டும். இருபுறமும் ஓட்டுநர் அறையுள்ள மெமு ரயில்களில் இந்த வேலையும் அதற்கான ஆற்றலும் மிச்சம்.

ஓட்டுநரின் பணிவாழ்க்கை

லோகோ பைலட்டின் பணி நிலையத்தில் தொடங்குவதில்லை. 'லாபி' எனப்படும் பணியேற்பு அறையில் தொடங்குகிறது. அங்கே மூச்சுப் பரிசோதனை முடித்து, வேகக் கட்டுப்பாட்டு அறிவிப்புகளைப் படித்துக் கையெழுத்திட்ட பின்பே இன்ஜினுக்குச் செல்வார். ஓட்டத்தில் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் அவரும் உதவி லோகோ பைலட்டும் கைகாட்டி உரக்கச் சொல்வார்கள். சுமார் ஒரு நிமிடம் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாதிருந்தால் விழிப்புக் கருவி எச்சரிக்கும். அதற்கும் பதில் இல்லையெனில் பிரேக் தானே விழும்.

பணிநேரம் குறித்த போராட்டம் நீண்ட வரலாறு உடையது. 1970-இல் அகில இந்திய லோகோ ஓட்டப் பணியாளர் சங்கம் உருவானது. 1973-இல் நடந்த வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து பத்து மணிநேரப் பணி என்ற கோரிக்கையை அரசு ஏற்றது. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த பொது ரயில்வே வேலைநிறுத்தத்திலும் பணிநேரம் ஒரு முக்கியக் கோரிக்கையாக இருந்தது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி ஓட்டப் பணியாளருக்கு மாதத்தில் குறைந்தது நான்கு முறை 30 மணிநேரத் தொடர் ஓய்வோ, ஐந்து முறை 22 மணிநேரத் தொடர் ஓய்வோ வழங்க வேண்டும். எட்டு மணிநேரமோ அதற்கு மேலோ பணிசெய்து தலைமையிடம் திரும்பினால் 16 மணிநேர ஓய்வு உண்டு. வார ஓய்வு இந்த 16 மணிநேரத்தையும் உள்ளடக்கியதா, அல்லது அதற்கு மேல் கூடுதலா என்பதே இன்றும் தொடரும் சர்ச்சை. இரண்டையும் சேர்த்து 46 மணிநேரம் வேண்டும், தொடர்ச்சியான இரவுப்பணி இரண்டைத் தாண்டக் கூடாது என்ற கோரிக்கைகளுடன் தெற்கு ரயில்வே ஓட்டுநர்கள் 2024 ஜூனில் போராடினர். நெடுங்காலம் இன்ஜின்களில் கழிவறை இல்லாததும் குறிப்பாகப் பெண் ஓட்டுநர்களுக்குப் பெருஞ்சிக்கலாக இருந்துவந்துள்ளது.

சிக்கன ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. கோஸ்டிங் என்பது முன்யோசனை. அடுத்த பத்து கிலோமீட்டரை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. தூக்கம் கெட்டவர் முதலில் இழப்பது இந்த முன்யோசனையைத்தான். அவர் சிக்னலைக் கண்ட பிறகே செயல்படுவார். விசையும் பிரேக்கும் மாறிமாறி விழும். மின்சாரம் வீணாவது அதன் சிறிய விளைவு. சிவப்பு விளக்கைத் தாண்டிவிடுவது பெரிய விளைவு.

வரம்புகள்

சிக்கனத்துக்காக ஓட்டுநர் எந்த விதியையும் தளர்த்த முடியாது. மஞ்சள் விளக்குக்குரிய வேகக் குறைப்பையோ, புறப்பட்டபின் பிரேக்கைச் சோதித்துப் பார்ப்பதையோ ஆற்றல் இழப்பைக் காரணம் காட்டித் தவிர்க்கக் கூடாது. தாமதமாக ஓடும் ரயிலில் கோஸ்டிங்குக்கு இடமிராது.

இன்ஜினில் உள்ள மின்அளவி எத்தனை அலகு செலவாயிற்று, எத்தனை திரும்பியது என்று காட்டும். ஆனால் வழியில் எத்தனை சிக்னல் சிவப்பாக இருந்தது, எத்தனை வேகக் கட்டுப்பாடு இருந்தது என்று காட்டாது. ஆகவே அந்த எண்ணை மட்டும் கொண்டு ஓட்டுநர்களை ஒப்பிடுவது பொருந்தாது. அட்டவணை வகுப்பவர், சிக்னலைத் தரும் நிலைய அதிகாரி, முன்கூட்டிச் செய்தி சொல்லும் கட்டுப்பாட்டு அறை, பாதையைச் செப்பனிட்டு வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் பொறியியல் பிரிவு ஆகிய அனைவரின் பணியும் ஒவ்வொரு அலகிலும் சேர்ந்திருக்கிறது.